பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள்: அயல்மண்ணில் இறந்த தமிழ்ப் படைவீரர்களைத் தேடும் முறை பற்றி

1. பொருளும் எல்லையும்

பழைய வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், திருநெல்வேலிப் பகுதிகளில் பல குடும்பங்கள் ஒரே மாதிரியான செய்தியைத் தலைமுறை தாண்டிச் சுமந்து வருகின்றன. கொள்ளுத்தாத்தாவோ அவருடைய தம்பியோ பட்டாளத்துக்குப் போனார். கப்பலேறினார். பஸ்ராவிலோ ஆப்பிரிக்காவிலோ பர்மாவிலோ இறந்துபோனார். அதற்கு மேல் கேட்டால் வீட்டில் சொல்ல ஆளில்லை. எந்த ஆண்டு, எந்தப் படை, குண்டடியா காய்ச்சலா, புதைத்தார்களா எரித்தார்களா என்று எதுவும் தெரியாது. நாள் தெரியாததால் திதி கொடுக்க முடியாமல், மகாளய அமாவாசையில் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்ததோடு நின்றுபோன வீடுகள் பல.

இந்தச் செய்தியிலிருந்து புறப்பட்டு, உறுதியான ஆவணத்தைச் சென்றடைய முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முடியும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் நாம் வழக்கமாகத் தொடங்கும் இடம் தவறு. எல்லோரும் பெயரை வைத்துத் தேடுகிறார்கள். மதராஸ் மாகாணத்துச் சிப்பாயைப் பொறுத்தவரை, நம் கையில் உள்ள சான்றுகளில் மிகப் பலவீனமானது பெயர்தான். படைப்பிரிவு, படை எண், தந்தை பெயர், ஊர், இறந்த நாள் ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு கிடைத்துவிட்டால் பெயர் தானாக வந்து சேரும்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றி, இந்தியாவுக்கு வெளியே இறந்தவர்கள் மட்டுமே இங்கே பேசப்படுகிறார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழர்களுக்கும், சயாம் மரண ரயில்பாதையில் மடிந்த தோட்டத் தொழிலாளர்களுக்கும் ஆவண நிலைமை முற்றிலும் வேறு. அவற்றைத் தனியாக ஆராய வேண்டும்.

2. பதிவு ஏன் மெலிந்தது

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 14 லட்சம் பேர் திரட்டப்பட்டார்கள். சுமார் 74,000 பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்தோர் 25 லட்சம், இறந்தோர் சுமார் 87,000. முதல் போரில் மதராஸ் மாகாணம் மட்டும் 51,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களையும், 41,000க்கும் மேற்பட்ட ஏவல் பணியாளர்களையும் தந்தது. சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், கூலிப் படையினர் எல்லோரும் இரண்டாவது வகை. துப்பாக்கி ஏந்தாதவர் என்பதால் அவர்களைப் பற்றிய குறிப்புகள் இன்னும் குறைவு. ஆனால் அதே வெயிலிலும் அதே காலராவிலும் அவர்களும் செத்தார்கள்.

எண்ணிக்கை இவ்வளவு இருந்தும் தெற்கத்திச் சிப்பாயின் சுவடு ஏன் மங்கியது? ‘போர்க்குலம்’ என்ற கொள்கை முதற்காரணம். 1885 முதல் 1893 வரை இந்தியத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர் போருக்கு ஏற்றவர் அல்லர் என்ற கருத்தைக் கொள்கையாகவே ஆக்கினார். மதராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன, அல்லது தமிழரல்லாதவரைக் கொண்டு நிரப்பப்பட்டன. அதன்பின் பெயர் மாற்றங்கள். 1903இல் கிச்சனர் செய்த மறுசீரமைப்பில் மூன்றாவது மதராஸ் படை, 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 1922இல் கர்நாடிக் படைகள் 3ஆவது மதராஸ் ரெஜிமென்ட்டுக்குள்ளும், 61, 64, 81ஆம் பயனியர் படைகள் 1ஆவது மதராஸ் பயனியர்ஸுக்குள்ளும் சேர்க்கப்பட்டன. மதராஸ் ரெஜிமென்ட்டின் முழுநேரப் படைகள் 1928க்குள் கலைந்தன. பயனியர்களை 1933இல் கலைத்தார்கள். 1941இல்தான் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது.

ஒரு படை கலைக்கப்பட்டால் அதன் ஏடுகளைப் பேணும் அலுவலகமும் மறைகிறது. போரில் இறந்தவரின் பேரன் எழுதிக் கேட்கும் காலத்தில் பதில் சொல்லும் இடம் இல்லை. இடையறாமல் இயங்கிவந்த பெரும் படை மதராஸ் சாப்பர்ஸ் ஒன்றுதான். ராணுவத்தில் ‘தம்பி’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தப் படை இன்று பெங்களூரில் மதராஸ் பொறியாளர் குழுவாக உள்ளது. உங்கள் முன்னோர் சாப்பராக இருந்திருந்தால் பாதி வழி கடந்துவிட்டீர்கள்.

லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பஞ்சாப் ஏடுகள் 2021 முதல் எண்மியப்படுத்தப்பட்டு வெளிவந்தன. ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரங்கள் ஊர்வாரியாக அவற்றில் உள்ளன. பஞ்சாபி ஒருவர் தன் ஊர்ப் பெயரை இட்டால் போருக்குப் போன முன்னோரைப் பார்க்கலாம். மதராஸ் மாகாணத்துக்கு அப்படிப்பட்ட ஏடு எதுவும் பொதுமக்கள் கைக்கு வரவில்லை. ஆகவே நாம் சுற்றுவழியில்தான் போக வேண்டியிருக்கிறது.

3. வீட்டிலும் ஊரிலும் உள்ள சான்றுகள்

ஆவணக்காப்பகத்துக்கு எழுதுமுன் பரணையும் பெட்டியையும் பார்க்க வேண்டும். முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் படை எண், தரம், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். நாணயத்தின் ஓரத்தைப் போலத் தேய்ந்திருப்பதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. சாய்வான வெளிச்சத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தால் எழுத்துகள் தெரியும். போர்வீரர்களுக்கு அது வெள்ளியிலும், கூலிப்படையினர் போன்ற ஏவலர்களுக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. உலோகமே ஒரு தகவல். விளிம்பில் உள்ள அந்த ஒரு வரி கிடைத்தால், தேடலின் மிகக் கடினமான பகுதி முடிந்துவிடுகிறது.

இறந்தவரின் குடும்பத்துக்கு வட்டமான வெண்கலத் தகடு ஒன்றும் அனுப்பப்பட்டது. சுமார் 12 சென்டிமீட்டர் அகலம் கொண்ட அதில் பெயர் மட்டும் இருக்கும். தரமோ படையோ இருக்காது. போரில் இறந்தார் என்பதற்கு அது வலுவான சான்று. மற்றதற்குப் பயன்படாது.

பென்ஷன் தாள், மணியார்டர் சீட்டு, தாலுகா கஜானாவில் பெற்ற ரசீது, போர்ப்பணிக்காக நிலம் ஒதுக்கப்பட்டிருந்தால் அதன் பத்திரம் ஆகியவற்றில் விதவையின் பெயரோ தாயின் பெயரோ இருக்கும். குடும்பப் பென்ஷன் வாங்கிய பெண்ணின் வழியாகவே கணவரின் படைப்பிரிவை அடையாளம் காண வழியுண்டு. ஆண்களின் கதையைச் சொல்லும் குடும்பங்கள் இந்தப் பெண்களின் தாள்களைப் பாதுகாக்கவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

ஊரிலும் தேட வேண்டும். முதல் போர் முடிந்ததும் பல கிராமங்களில் சிறு பளிங்குக் கல் பதிக்கப்பட்டது. இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்பதே அதன் வாசகம். பள்ளிச் சுவரிலும் சாவடியிலும் இன்னும் சில தப்பியிருக்கின்றன. அதில் எண்ணிக்கை உண்டு, பெயர்கள் இல்லை. ஆயினும் தேடலுக்கு அது உதவும். உயிர் துறந்தோர் மூவர் என்று கல் சொல்ல, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் அந்த ஊரின் பேரில் ஒருவர்தான் கிடைத்தால், மற்ற இருவர் வேறு எழுத்துக்கூட்டிலோ, பக்கத்து ஊரின் பேரிலோ இருக்கிறார்கள், அல்லது பதிவாகவே இல்லை.

வாய்மொழிச் செய்தியையும் சான்றாகவே கொள்ள வேண்டும், சோதித்துக்கொண்டு. ‘பஸ்ராவில் செத்தார்’ என்று வீட்டில் சொன்னால் அது பஸ்ரா நகரைக் குறிக்க வேண்டியதில்லை. மெசொப்பொட்டேமியாவுக்குப் போன கப்பல்கள் அங்கேதான் கரையேறின. கடிதத்தில் வந்த ஊர்ப் பெயர் அது. இறந்தது அமாராவிலோ கூட் பக்கத்திலோ இருக்கலாம்.

4. பெயர்

ஆட்சேர்ப்பில் தமிழர் ஒருவர் வாயால் சொன்ன பெயரைத் தமிழ் அறியாத எழுத்தர் காதால் கேட்டு ரோமன் எழுத்தில் எழுதினார். கோவிந்தசாமி ஓரிடத்தில் கோவிந்தஸ்வாமி, மற்றோரிடத்தில் வெறும் கோவிந்தன். ழகரம் எல், ஆர், இசட் என்று மூன்று வேடம் போடுகிறது. தலைப்பெழுத்து சிலருக்கு இருந்தது, பலருக்கு இல்லை. முனுசாமி, பெருமாள், சின்னசாமி போன்ற பெயர்கள் ஒரே கம்பெனியில் பலருக்கு இருந்திருக்கும். பெயரைப் போட்டுத் தேடி, வரும் முதல் ஆளைத் தன் தாத்தா என்று கொள்வதே இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

ஆணையத்தின் பதிவுகளில் இந்திய வீரர் பலருக்குக் கூடுதல் விவரமாகத் தந்தை பெயரும் ஊர், தாலுகா, மாவட்டமும் தரப்பட்டிருக்கின்றன. எல்லோருக்கும் இல்லை. இருக்கும் இடத்தில் அது பொன். ஊரின் பெயரும் சிதைந்திருக்கும் என்பதால் அந்தக் கால மாவட்ட எல்லைகளை அறிந்திருக்க வேண்டும். இன்றைய திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை ஆகியவை வட ஆற்காட்டுக்குள் இருந்தன. விழுப்புரம் தென் ஆற்காட்டில். தந்தை பெயரும் ஊரும் ஒருசேரப் பொருந்தினால் அடையாளத்தை ஏற்கலாம். பெயர் மட்டும் பொருந்தினால் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சமயமும் ஒரு தடயம். ராணுவம் சாதி, சமய வாரியாக ஆளெடுத்தது. சாப்பர், பயனியர் படைகளில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். இந்துவைப் பெரும்பாலும் எரித்தார்கள். முஸ்லிமையும் கிறிஸ்தவரையும் புதைத்தார்கள். ஆகவே கல்லறையைத் தேடுவதா, நினைவுச் சின்னத்தில் பெயரைத் தேடுவதா என்பது இதைப் பொறுத்தே அமையும்.

5. நினைவுச் சின்னங்களின் பதிவு

1917 மே 21 அன்று அரச சாசனத்தின் மூலம் தொடங்கப்பட்ட இம்பீரியல் போர்க் கல்லறைகள் ஆணையமே இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். சுமார் 17 லட்சம் பேரின் நினைவை அது காக்கிறது. அதன் தேடுதளம் இலவசம். படைப்பிரிவையும், இறந்த ஆண்டையும், நினைவிடத்தையும் மட்டும் கொடுத்து, பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுத் தேடினால் பட்டியல் முழுவதும் வரும். அதை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

எந்தக் களத்தில் இறந்தவர் எங்கே குறிக்கப்படுவார் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதை குறுகும். பிரான்சில் இறந்து கல்லறை இல்லாதவர்களுக்கு 1927இல் திறக்கப்பட்ட நவ் ஷபெல் நினைவிடம், 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்களுடன். எகிப்து, பாலஸ்தீனக் களத்தவர்க்குச் சூயஸ் கால்வாயின் தென்முனையில் போர்ட் தெவ்ஃபிக் நினைவிடம் இருந்தது. இஸ்ரேல், எகிப்துப் போர்களில் அது சிதைந்தபின், சுமார் 4,000 பெயர்கள் கெய்ரோவின் ஹெலியோபொலிஸ் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி பொறிக்கப்பட்டன. இரண்டாம் போரில் இறந்தோரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் 24,000க்கும் மேல், பர்மாவின் தௌக்கியானில் ஏறத்தாழ 27,000. நந்தம்பாக்கத்தில் உள்ள மதராஸ் போர்க் கல்லறையில் தேடிப் பலர் ஏமாறுகிறார்கள். அங்குள்ள முதல் போர் நினைவுச் சின்னம் இந்திய மண்ணில் இறந்தவர்களுக்கானது. கடல் கடந்து இறந்தவர் அங்கே இல்லை.

மெசொப்பொட்டேமியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் போரில் மிக அதிகமான இந்தியர்கள் பணியாற்றியதும் இறந்ததும் அங்கேதான். 1914 நவம்பரில் பஸ்ரா பிடிபட்டது. 1916 ஏப்ரல் 29 அன்று கூட் நகரில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படை சரணடைந்தது. 1917 மார்ச்சில் பாக்தாத் வீழ்ந்தது. இந்தப் போர்களின் இடைவெளிகளில் காலராவும் வெப்ப நோயும் பேதியும் ஆட்களைக் கொன்றன. 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவிடம், 1914 முதல் 1921 வரை அக்களத்தில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் சுவரில் செதுக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் இடம்பெற்றன. ஆனால் 30,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு, ஒவ்வொரு படையிலும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் பொறிக்கப்பட்டது. பெயர்கள் ஒரு பதிவேட்டில் அடங்கின. நம் ஊர்க் கல்லில் கண்ட அதே வழக்கம் பஸ்ராவின் சுவரிலும் இருக்கிறது. அந்த நினைவிடமே 1997இல் ஈராக் அரசின் ஆணையால் ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து, நசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளி நிறுவப்பட்டது.

அமாராவின் நிலை இன்னும் வேதனையானது. ஆற்றின் இடக்கரையில் உள்ள இந்தியப் போர்க் கல்லறையில் சுமார் 5,000 இந்தியர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களில் அடையாளம் தெரிந்தவர் ஒன்பதே பேர். ராணுவ நிர்வாகம் முழுமையான பதிவு வைத்துக்கொள்ளவில்லை. மறுகரையில் உள்ள கல்லறையின் நடுகற்கள் மண்ணின் உப்பால் அரிக்கப்பட்டு 1933இல் அகற்றப்பட்டன. ஆனால் அங்கே அடக்கமானவர்களின் பெயர்கள் ஒரு சுவரில் பொறிக்கப்பட்டன.

2021இல் ஆணையமே வெளியிட்ட அறிக்கை இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டது. முதல் போரில் இறந்த 45,000 முதல் 54,000 வரையிலான இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்கள் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, சிலவேளை எந்த வகையிலும் நினைவுகூரப்படவில்லை. ஆகவே தேடுதளத்தில் பெயர் இல்லையென்றால் ஆள் போருக்குப் போகவில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம்.

6. போர் நாட்குறிப்புகள்: டாங்காவை முன்வைத்து

ஒவ்வொரு படைப்பிரிவும் களத்தில் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதியது. முதல் போருக்குரியவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூஓ 95 வரிசையிலும், ஒரு பகுதி புதுதில்லி தேசிய ஆவணக்காப்பகத்திலும் உள்ளன. நாட்குறிப்பு அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கும். சிப்பாய் இறந்தால் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டுமே. ஆணையப் பதிவில் கிடைத்த நாளையும் நாட்குறிப்பின் அந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே வழி.

கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்ட சுமார் 8,000 பேரில், 63ஆவது பாளையங்கோட்டைப் படையும், 61ஆவது பயனியர் படையும் மதராஸைச் சேர்ந்தவை. நவம்பர் 3 அதிகாலையில் 13ஆவது ராஜபுத்திரர்களோடு பயனியர்கள் முன்னேறி முறியடிக்கப்பட்டார்கள். பெருந்தாக்குதல் நவம்பர் 4. மறுநாள் எஞ்சியோர் கப்பலேறினார்கள். ஆகவே 61ஆவது படையினர் ஒருவர் 3ஆம் தேதி இறந்தார் என்று பதிவு சொன்னால், எந்த மோதல், எத்தனை மணியளவு, எந்தப் பக்கம் என்பது வரை சொல்லிவிட முடியும். ஒரு தேதி இவ்வளவு தருகிறது.

ஆனால் டாங்காவைப் படிக்கும்போது வேறொரு எச்சரிக்கை தேவை. ஆங்கில நூல்கள் பலவும் தோல்வியின் பழியைச் சிதறி ஓடிய சிப்பாய்கள்மீது, குறிப்பாகப் பாளையங்கோட்டைப் படைமீது போடுகின்றன. தாக்குதல் வருகிறது என்று போர்க்கப்பலின் தலைவரே ஜெர்மானியருக்கு முன்னறிவிப்புக் கொடுத்தார். படையை நடத்திய ஜெனரல் எய்ட்கன் நிலத்தை வேவு பார்க்கவில்லை. வாரக்கணக்கில் நெரிசலான கப்பலில் கிடந்த ஆட்கள், ஓய்வின்றிச் சதுப்பிலும் புதர்க்காட்டிலும் இறக்கப்பட்டார்கள். எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோ ஃபோர்பெக்கின் சுமார் ஆயிரம் பேர், தங்கள் நிலத்தில், இயந்திரத் துப்பாக்கிகளோடு. சிப்பாய்களைக் கடுமையாகத் தூற்றிய சாட்சிகளில் ஒருவர் உளவு அதிகாரி மைனர்ட்ஸ்ஹாகன். அவருடைய நாட்குறிப்புகளில் கற்பனைகள் கலந்திருப்பது பின்னாளில் வெளிப்பட்டது. தன் முன்னோர் அந்தப் படையில் இருந்தார் என்று கண்டுபிடிக்கும் ஒருவர், இந்தப் பழியைப் படித்துத் தலைகுனிய வேண்டியதில்லை. அதிகாரிகள் எழுதியதை அதிகாரிகளின் எழுத்தாகவே படிக்க வேண்டும்.

7. இரண்டாம் உலகப் போர்

இங்கே நிலைமை சற்று மேல். டபிள்யூஓ 169 மத்தியக் கிழக்கு, 170 இத்தாலி, 172 தென்கிழக்காசியா என்று நாட்குறிப்புகள் களவாரியாக உள்ளன. பணிப்பதிவேடுகள் இந்தியாவிலேயே தங்கின. சாப்பர் என்றால் பெங்களூர், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். படை எண்ணும், நெருங்கிய உறவு என்பதற்கான சான்றும் இல்லாமல் எழுதும் கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக எழுதுவது நல்லது.

11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த மதராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்யானோ அருகே கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் இருந்தார். லான்ஸ் நாயக் ஒருவரின் காலடியில் வெடி தூண்டப்பட்டதைக் கண்டு, அவரைத் தள்ளிவிட்டுத் தாமே அதன்மேல் விழுந்தார். சிதறல் முழுவதும் அவர் உடலோடு நின்றது. அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டதால் லண்டன் அரசிதழிலும் விருதுப் பரிந்துரைக் கோப்பிலும் அந்த நாளின் விவரம் அழியாமல் இருக்கிறது. பதக்கம் பெறாமல் அதே இத்தாலியில் இறந்த தமிழ்ச் சாப்பருக்கு அந்த விவரம் கிடைக்காது. ஆனால் அதே கம்பெனியின் நாட்குறிப்பு கிடைக்கும். சங்ரோ ஆற்றங்கரையின் தகன நினைவிடத்தில் 500க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் உள்ளன. புகழ்பெற்ற ஒருவரின் கோப்பு, புகழ்பெறாத தோழரின் நாட்களையும் காட்டும் என்பதால், கம்பெனியில் யாரேனும் விருது பெற்றாரா என்று முதலில் பாருங்கள்.

8. விடுபட்ட பெயரைச் சேர்த்தல்

1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை ஆகிய இரு காலங்களுக்குள், பணியில் இருக்கும்போது எக்காரணத்தால் இறந்திருந்தாலும் ஆணையத்தின் நினைவுக்கு உரியவர். காலராவில் இறந்த கழுதை ஓட்டியும் இதில் அடக்கம். பணியிலிருந்து விடுவிக்கப்பட்டபின் இறந்திருந்தால், போர்ப்பணியில் பெற்ற காயமோ நோயோ காரணம் என்று காட்ட வேண்டும். பெயர் இல்லையென்றால் சான்றுகளோடு எழுதிச் சேர்க்கக் கோரலாம். எழுத்துப்பிழையைத் திருத்தவும் கோரலாம்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அந்தப் பளிங்குக் கல் இருந்தால், அடுத்த வெள்ளையடிப்புக்குள் அதைப் படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து வையுங்கள். வீட்டில் பதக்கம் இருந்தால் எடைக்குப் போடுமுன் அதன் விளிம்பைப் படியுங்கள். எண்பதைக் கடந்த பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால் போனவரின் தந்தை பெயரையும், எந்த ஊரிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இறந்த நாள் கிடைத்துவிட்டால் பஞ்சாங்கம் பார்த்துத் திதியைச் சொல்ல ஊரில் ஆளுண்டு. நம் மாநிலத்தின் வரலாற்றுத் துறைகள் இந்த ஊர்க் கற்களை மாவட்டவாரியாகத் தொகுக்கும் பணியை இனியும் தள்ளிப்போடக் கூடாது.